பயிற்சிக்கு முன்னால் வேலை

மனச்சிதைவு நோய்க்குச் சில ஆண்டுகளாக மாத்திரை சாப்பிட்டுவரும் தம்பி அரிசி மில் வேலைக்குப் போக ஆசைப்படுகிறான்; முழுவதும் குணமாகும்வரை பொறுத்திருப்பதா, இப்போதே அனுப்புவதா என்று மன்னார்குடி வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். தம்பி விரும்பினால் இப்போதே அனுப்பலாம், ஆனால் துணையோடு அனுப்ப வேண்டும்.

நோயாளியை முதலில் பயிற்சிக்கூடத்தில் மெழுகுவத்தி செய்யவைத்து, தேறிய பிறகு வெளியே அனுப்புவதே பழைய முறை. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் டெபோரா பெக்கரும் ராபர்ட் டிரேக்கும் இதைத் தலைகீழாக்கி, எல்லோரும் வாங்கும் கூலிக்கு உண்மையான வேலையை முதலில் தேடித் தந்து, பயிற்சியை அங்கேயே கொடுத்தனர். ஆறு ஐரோப்பிய நகரங்களில் 312 பேரிடம் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், இம்முறையில் 55 விழுக்காட்டினர் ஒரு நாளாவது வேலை பார்த்தனர். பழைய முறையில் அது 28 விழுக்காடுதான். மருத்துவமனையில் மீண்டும் சேர்ந்தவர்களும் புதிய முறையில் குறைவு.

இந்த வேறுபாட்டின் காரணம்தான் என்னை மிகவும் ஈர்ப்பது. டோபமின் என்ற மூளை வேதிப்பொருளைத் தடுக்கும் மாத்திரைகள் காதில் கேட்கும் குரல்களையும் வீண் சந்தேகங்களையும் அடக்குகின்றனவே தவிர, நோயால் குன்றிய கவனத்தையும் உடனடி நினைவையும் திட்டமிடும் திறனையும் பெரிதாக மீட்பதில்லை. ஓரிடத்தில் கற்றதை இன்னோரிடத்துக்குப் பொருத்திப் பார்க்க இந்தத் திறன்களே வேண்டும் என்பதால், பயிற்சிக்கூடத்தில் கைதேர்ந்தவர்கூட மில்லின் இரைச்சலில் தடுமாறிப் போகிறார். கற்பதே மில்லில் என்றால் இடம் மாற்றிப் பொருத்தும் அந்தச் சுமையே எழுவதில்லை. தராசும் சாக்கும் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைத் தாமே நினைவூட்டுகின்றன. வேலை தேடித் தந்த துணையாளரே பக்கத்தில் நின்று, முதல் வாரம் 25 கிலோ எடை பிடிப்பதை மட்டும் பழக்கி, அது கைக்கு வந்த பிறகே சாக்குத் தைப்பதைச் சேர்க்கிறார்.

அவர் மருத்துவக் குழுவிலும் ஒருவர். இரவு மாத்திரையின் மயக்கம் காலை ஆறு மணி ஷிப்டில் கண்ணை இழுத்தால், அதைச் சோம்பல் என்று முதலாளி முடிவுகட்டும் முன்பே மருத்துவரிடம் சொல்லி, மாத்திரையின் நேரத்தையோ அளவையோ மாற்றக் கேட்கிறார்.

மனநோய் தீரும் என்று நம்பி, திருச்சி அருகே குணசீலம் பெருமாள் கோயிலில் நோயாளியை 48 நாள் தங்கவைக்கும் குடும்பங்களின் பக்தியை நான் குறை சொல்லமாட்டேன். மாத்திரையை நிறுத்திவிட்டு அங்கே காத்திருப்பதைத்தான் எதிர்க்கிறேன். ஒரு துணையாளரால் ஏறத்தாழ 20 பேரைக் கவனிக்க முடியும் என்பதால், டெல்டாவின் ஒவ்வொரு மாவட்ட மனநலக் குழுவிலும் இப்படிச் சிலரை நியமிக்க அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நம் பகுதியில் வேலை பருவத்தைச் சார்ந்தது; சம்பா நெல்வரத்து ஓய்ந்தால் மில்லில் ஆள் குறைப்பார்கள். இம்முறையில் துணைக்குக் கால வரம்பு கிடையாது என்பதால், வரத்து குறையத் தொடங்கும்போதே துணையாளர் தம்பியை அழைத்துக்கொண்டு அடுத்த வேலை தேடிப் புறப்பட்டுவிடலாம்.