வீட்டில் நிலைமை மாறினாலும் படிப்பு நிற்க வேண்டாம்: டி.சி., மாத உதவித்தொகை, இலவச வக்கீல்

அப்பா இறந்துவிட்டார், அல்லது அம்மாவும் அப்பாவும் பிரிந்துவிட்டார்கள், அல்லது வேலை போய் ஊரையே காலி செய்ய வேண்டியதாகிவிட்டது. காரணம் எதுவானாலும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தாத்தா பாட்டி வீட்டுக்கோ மாமா வீட்டுக்கோ போவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. இதெல்லாம் பள்ளி திறக்கும் ஜூன் மாதம் பார்த்து வருவதில்லை, அரையாண்டுத் தேர்வுக்கு முந்தின வாரம் வந்து நிற்கும். புதுப் பள்ளிக்குப் போனால் முதல் கேள்வியே "டி.சி. எங்கே?" என்பதுதான். அதைக் கேட்டுத் திரும்பி வந்து, "சரி, இந்த வருஷம் போகட்டும், அடுத்த வருஷம் சேர்த்துக்கலாம்" என்று பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்கிற குடும்பங்கள் நிறைய. அப்படி வைத்துக்கொள்ளத் தேவையே இல்லை.

2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 5-வது பிரிவு இதைத்தான் பேசுகிறது. எந்தக் காரணத்துக்காகவும், மாநிலத்துக்குள்ளோ வெளியிலோ, ஒரு பிள்ளை பள்ளி மாற வேண்டியிருந்தால் பழைய பள்ளித் தலைமை ஆசிரியர் மாற்றுச் சான்றிதழை உடனே தர வேண்டும். தாமதித்தால் அவர் மீது துறை நடவடிக்கை எடுக்கலாம். டி.சி. வரத் தாமதமாகிறது என்பதைக் காட்டிப் புதுப் பள்ளி சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது. வருஷத்தின் நடுவில் வந்தாலும் சேர்க்க வேண்டும் (15-வது பிரிவு), பிறப்புச் சான்று கையில் இல்லை என்பதற்காகத் திருப்பி அனுப்பக் கூடாது (14-வது பிரிவு). ஏற்கெனவே ஓரிரு வருஷம் படிப்பு விட்டுப்போயிருந்தால்கூட வயதுக்கேற்ற வகுப்பில்தான் சேர்க்க வேண்டும், விட்டுப்போன பாடத்துக்குத் தனிப் பயிற்சி தர வேண்டும்.

இதில் இரண்டு எல்லைகள் உண்டு, தெரிந்துகொண்டு போவது நல்லது. ஒன்று, இந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரை, அதாவது எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். இன்னொன்று, மாறிச் சேரும் உரிமை அரசுப் பள்ளிக்கும் அரசு உதவி பெறும் பள்ளிக்கும் பொருந்தும். கட்டணம் வாங்கும் தனியார் பள்ளியிலோ கேந்திரிய வித்யாலயாவிலோ "இடம் கொடுத்தே ஆக வேண்டும்" என்று இந்தப் பிரிவைக் காட்டிக் கேட்க முடியாது.

தனியார் பள்ளியிலிருந்து வெளியே வருகிறவர்களுக்குச் சிக்கல் வேறு மாதிரி. கட்டணப் பாக்கி இருக்கும், பாக்கியைக் கட்டினால்தான் டி.சி. என்பார்கள். சம்பாதித்தவர் போய்விட்டதால்தான் பாக்கியே விழுந்திருக்கும், அது யார் காதிலும் ஏறாது. சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது: மாற்றுச் சான்றிதழ் கட்டணம் வசூலிக்கும் கருவி அல்ல, பாக்கி இருப்பதாக அதில் எழுதவும் கூடாது. பாக்கியை வசூலிக்கப் பள்ளிக்கு வேறு சட்ட வழிகள் இருக்கின்றன, அதற்குப் பிள்ளையின் படிப்பைப் பிடித்து வைக்கக் கூடாது.

டி.சி. விஷயம் முடிந்தாலும் தமிழ்நாட்டில் எமிஸ் என்று ஒன்று பாக்கி இருக்கும், பள்ளிக் கல்வித்துறை மாணவர் விவரங்களை வைத்திருக்கும் கணினிப் பதிவு அது. பிள்ளையின் பெயர் பழைய பள்ளியின் எமிஸ் பதிவிலேயே கிடந்தால் புதுப் பள்ளியால் ஏற்ற முடியாது. பழைய பள்ளி அதைக் 'காமன் பூலுக்கு' (எந்தப் பள்ளியும் எடுத்துக்கொள்ளக்கூடிய பொதுப் பட்டியலுக்கு) விடுவிக்க வேண்டும், கணினியில் சில நிமிட வேலைதான். ஆகவே டி.சி. வாங்கும்போதே "எமிஸில் விடுவித்துவிட்டீர்களா?" என்று கேட்டு, எமிஸ் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இழுத்தடித்தால் வட்டாரக் கல்வி அலுவலர் அல்லது மாவட்டக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள், கல்வித்துறையின் 14417 உதவி எண்ணிலும் சொல்லலாம்.

அப்புறம், பள்ளி மாறாத பிள்ளைகள். வீட்டில் சண்டையும் பிரிவும் நடக்கும்போது பிள்ளை வகுப்பில் தூங்கும், வீட்டுப்பாடம் எழுதாது, திடீரென்று யாரையாவது அடிக்கும். ஆசிரியருக்குக் காரணம் தெரியாவிட்டால் அது வெறும் திமிராகத்தான் படும். குடும்பக் கதை முழுவதையும் சொல்ல வேண்டியதில்லை, "வீட்டில் நிலைமை சரியில்லை, கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று வகுப்பாசிரியர் காதில் போட்டால் போதும். "இவனுக்கு டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவோம்" என்று பள்ளி மிரட்டினால், எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்ற முடியாது என்று அதே கல்வி உரிமைச் சட்டத்தின் 16-வது பிரிவு சொல்கிறது. அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் 17-வது பிரிவு தடை செய்கிறது. பிள்ளையோ நீங்களோ மனசு விட்டுப் பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416, கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம்.

இனி பணம். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் 'ஸ்பான்சர்ஷிப்' என்ற பெயரில் ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் தரப்படுகிறது, முன்பு 2,000-ஆக இருந்தது. பிள்ளையை விடுதியில் விடாமல் சொந்த வீட்டிலேயே, சொந்தக்காரர்களோடே வளர்க்க வேண்டும் என்பதுதான் நோக்கம். கணவரை இழந்த, விவாகரத்தான, அல்லது குடும்பத்தால் கைவிடப்பட்ட தாயின் பிள்ளைகள், பெற்றோர் இல்லாமல் உறவினர் வீட்டில் வளர்கிறவர்கள், கடும் நோயிலோ விபத்திலோ பெற்றோர் முடங்கிப்போன வீட்டுப் பிள்ளைகள் ஆகியோருக்குக் கேட்கலாம். 18 வயது வரைக்கும், பள்ளிக்குப் போவது தொடர வேண்டும். வருமான வரம்பு கிராமத்தில் ஆண்டுக்கு 72,000, நகரத்தில் 96,000. கணக்குப் போட்டால் மாதம் 6,000-மும் 8,000-மும்தான் வருகிறது. வீட்டு வேலைக்குப் போய் இரண்டு பிள்ளைகளை வளர்க்கும் ஒரு அம்மா இந்தக் கோட்டை லேசாகத் தாண்டிவிடுவார், அவரை வெளியே நிறுத்தும் இந்த வரம்பு மிகக் குறைவு என்பதே என் எண்ணம்.

விண்ணப்பம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கொடுக்க வேண்டும், ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டால் இடம் காட்டுவார்கள். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை, இடைத்தரகருக்கும் வேலை இல்லை. ஆதார், குடும்ப அட்டை, வருமானச் சான்று, பள்ளியில் படிப்பதற்கான சான்று, வங்கிக் கணக்குப் புத்தகம், அதோடு நிலைமையைக் காட்டும் காகிதம் வேண்டும். இறப்புச் சான்றோ மருத்துவச் சான்றோ விவாகரத்துத் தீர்ப்போ இருப்பவர்களுக்குப் பிரச்சினையில்லை. சிக்கிக்கொள்வது, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்ட கணவரின் மனைவிதான், அவர் கையில் ஒரு காகிதமும் இருக்காது. அவர் முதலில் இ-சேவை மையத்தில் கைவிடப்பட்ட பெண் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும், வருவாய்த் துறை விசாரித்துத் தரும். வருமானச் சான்றுக்கும் சேர்த்தே போட்டுவிட்டால் இரண்டாவது நடை மிச்சம்.

தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பர் 15-இல் தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டம் இதற்குத் தனி. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத நிலையில் இருக்கும் பிள்ளைகளுக்கும் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய். இதுபோக, சம்பாதிக்கும் தாயோ தந்தையோ விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ, அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் படிக்கிற பிள்ளைக்கு 75,000 ரூபாய் உண்டு. அதைத் தலைமை ஆசிரியர் வழியாகக் கேட்க வேண்டும், அவராகச் சொல்வார் என்று காத்திருக்க வேண்டாம்.

அப்பா உயிரோடு இருக்கிறார், பணம் தருவதில்லை என்றால் அது வேறு வழக்கு. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144-வது பிரிவில் (பழைய சட்டத்தின் 125-தான், 2024 ஜூலை 1 முதல் எண் மாறிவிட்டது) பிள்ளைக்கு ஜீவனாம்சம் கேட்கலாம். கணவன் மனைவிக்குள் தப்பு யார் மேல் என்பது பிள்ளையின் பங்கைப் பாதிக்காது. வழக்கு முடியும் வரை இடைக்காலத் தொகையும் கேட்கலாம், அந்த மனுவை நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் முடிந்தவரை முடிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு, நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போகலாம், இல்லையென்றால் 15100 என்ற சட்ட உதவி எண்ணில் கூப்பிடலாம்.

பிள்ளைக்கு அடி உதை, பட்டினி, வேலைக்கு அனுப்புதல், சின்ன வயதுக் கல்யாணம் என்று போகும் நிலை வந்தால் மேலே சொன்ன எதற்கும் காத்திருக்காமல் குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடுங்கள். இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும், இலவசம், பிள்ளையே கூப்பிடலாம், பக்கத்து வீட்டுக்காரரும் கூப்பிடலாம்.

எந்த மனுவாக இருந்தாலும் இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போய், ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்து, மனு எண்ணுள்ள ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.