பாட்டினா: களிம்பு என்று சொன்னால் போதுமா?

பழங்காசுகளைப் பற்றிப் படிக்கும்போது ‘பாட்டினா’ என்ற சொல் திரும்பத் திரும்ப வரும். செம்பு, வெண்கலக் காசுகளின் மேற்பரப்போடு காற்றும் ஈரமும் மண்ணின் உப்புகளும் நெடுங்காலம் வினைபுரிந்து உண்டாக்கும் படலத்துக்கு அந்தப் பெயர். அடியில் செம்பழுப்பு ஆக்சைடும், அதன்மேல் பச்சையோ நீலமோ ஆன கார்பனேட்டும் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும்.

சொல் இத்தாலியிலிருந்து வந்தது. லத்தீனில் ‘பாட்டினா’ என்றால் அகன்ற, ஆழமில்லாத பாத்திரம். அது எப்படிப் படலத்தைக் குறிக்கத் தொடங்கியது என்பதில் அறிஞர்கள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. ஆனால் 1681இல் பிளாரன்சின் பால்தினூச்சி தொகுத்த கலைச்சொல் அகராதியில் இதற்கு விளக்கம் இருக்கிறது: ஓவியத்தின்மீது காலம் படியவைக்கும் பொதுவான கருமை, சில வேளைகளில் அது ஓவியத்துக்கு அழகும் சேர்க்கும். ஓவியர்கள் அதையே ‘தோல்’ என்றும் அழைத்ததாக அவர் குறிக்கிறார். காசின் படலத்துக்கும் ‘தோல்’ என்ற அந்த உவமை மிகப் பொருந்தும்.

தமிழில் செம்பின் பச்சைக்குக் ‘களிம்பு’ என்ற நல்ல சொல் இருக்கிறது. இரும்புக்குத் துரு, இலங்கைத் தமிழில் கறள். மருந்துக்கடையில் களிம்பு என்றால் பூசும் மருந்து என்பதால் இளையவர்களுக்குப் பழைய பொருள் சட்டென்று பிடிபடாமல் போகலாம். சைவ சித்தாந்தம் படித்தவர்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. செம்போடு பிறந்த களிம்புபோல உயிரோடு ஆணவ மலம் என்ற அறியாமை அழுக்கு ஒட்டியிருக்கிறது என்பது அங்கே அடிப்படை உவமை. ‘களிம்பறுத்தான் எங்கள் கண்ணுதல் நந்தி’ என்கிறது திருமந்திரம். நம் மரபில் களிம்பு அறுத்தெறிய வேண்டிய ஒன்று. வீட்டுச் செம்புக் குடத்தைப் புளி போட்டுத் தேய்க்கும் கையும் அதைத்தான் நம்புகிறது. குடத்துக்கு அது சரி. அதே புளி பழங்காசைத் தொட்டால் போனது போனதுதான்.

காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மண்ணுக்குள் கிடக்கும் செம்புக் காசில் உலோகம் மெல்ல மெல்ல ஆக்சைடாக மாறுகிறது. அச்சில் அடித்தபோது இருந்த மேற்பரப்பு, எழுத்தும் உருவமும் உட்பட, பெரும்பாலும் அந்தப் படலத்துக்குள்தான் தங்கியிருக்கிறது. பாண்டியரின் ‘பெருவழுதி’ செப்புக் காசை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் தமிழ் பிராமி எழுத்துகள் மிகச் சிறியவை. புளியோ எலுமிச்சையோ படலத்தைக் கரைத்துவிட்டால் அடியில் மிஞ்சுவது குழிவிழுந்த வெறும் செம்பு; பெயரைப் படிக்க முடியாது. சங்க காலத்து அரசன் ஒருவனுக்கான நேரடிச் சான்று ஒரு கிண்ணம் புளித்தண்ணீரில் கரைந்துபோவதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. எலுமிச்சையோடு உப்பும் சேர்த்துத் தேய்ப்பது இன்னும் கொடியது. உப்பில் இருப்பது குளோரைடு. செம்பின் மிகப் பெரிய எதிரி அது.

இங்கேதான் ‘களிம்பு’ என்ற ஒற்றைச் சொல் போதாமல் போகிறது. கெட்டியாக, வழவழப்பாக, உலோகத்தோடு ஒட்டி நிற்கும் படலம் காசைக் காக்கிறது. வெளிர்பச்சைப் பொடியாக, தொட்டால் உதிர்வது வேறு வகை. உள்ளே தங்கிய செம்புக் குளோரைடு ஈரத்தோடும் காற்றோடும் சேர்ந்து அமிலத்தை உண்டாக்க, அந்த அமிலம் புதிய செம்பைத் தின்று மறுபடியும் குளோரைடு ஆகிறது. இந்தச் சுழற்சிக்குத்தான் ‘வெண்கல நோய்’ என்று பெயர். முன்னதைக் ‘காப்புக் களிம்பு’ என்றும் பின்னதை ‘அரிகளிம்பு’ என்றும் பிரித்துச் சொல்லலாம் என்பது என் கருத்து. பாடநூல்களில் உலோகம் அரிக்கப்படுவதற்கு ஏற்கெனவே புழங்கும் ‘அரிமானம்’ என்ற சொல்லோடும் இது இசைந்து போகும். ‘பாட்டினா’ என்று அப்படியே எழுதுவதிலும் தவறில்லை; ஆனால் காப்புக் களிம்பு என்று எழுதினால் படிப்பவரின் கை தேய்க்கப் போவதற்கு முன் ஒரு கணம் தயங்கும்.

காப்புக் களிம்பு உள்ள காசுக்குச் செய்ய வேண்டியது மிகக் குறைவு. காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, நீரை அடிக்கடி மாற்றி, இளகிய மண்ணை மட்டும் உருப்பெருக்கியின் கீழ் மூங்கில் சிம்பாலோ மர ஊசியாலோ தள்ளி எடுக்கலாம். எடுத்தபின் நன்றாக உலர வேண்டும். கம்பித் தூரிகை, பற்பசை, பித்தளைப் பாலிஷ் எதுவும் கூடாது. அரிகளிம்பு கண்ட காசைத் தனியே பிரித்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட மூடிய டப்பாவில் வைத்தால் நோய் அடங்கியிருக்கும். ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்குக் கீழே இருப்பது நல்லது. அதற்கு மேற்பட்ட மருத்துவம் வல்லுநர் வேலை. செம்பின் அரிமானத்தைத் தடுக்க 1960களிலிருந்து பயன்படும் பென்சோடிரையசோல் என்ற வேதிப்பொருளைக் கையாளக் கையுறையும் காற்றோட்டமும் பயிற்சியும் வேண்டும். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930இலேயே இதற்கென வேதியியல் பாதுகாப்புக் கூடம் அமைந்துவிட்டது. அங்கே பணியாற்றிய வேதியியலர் பரமசிவன் வெண்கலப் படிமங்களுக்கு மின்பகுப்பு முறையில் சிகிச்சை அளித்தார்.

காசு மண்ணில் புதிதாகக் கிடைத்ததென்றால் கழுவவே வேண்டாம். மண்ணோடு சேர்ந்தே அது சான்று. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டிய கடமையும் கண்டெடுத்தவருக்கு உண்டு.

களிம்பு என்ற சொல் செம்புக்கும் அதன் கலவைகளுக்கும்தான் பொருந்தும். வெள்ளிக் காசில் படிவது கந்தகத்தால் வரும் கருமை. கரூர் அமராவதி ஆற்றில் கிடைத்த, சேர மன்னன் பெயர் பொறித்த ‘மாக்கோதை’ காசுகள் வெள்ளி என்பதால் அவற்றைப் பேசும்போது ‘கருமை’ என்றே எழுத வேண்டும். ஈயக் காசில் வருவது வெண்பொடி. மரப்பெட்டியிலிருந்தும் அட்டையிலிருந்தும் கசியும் அசெட்டிக் அமில ஆவியே அதைப் பெரிதும் கிளப்பிவிடுகிறது என்பதால், சாதவாகனரின் ஈயக் காசு வைத்திருப்பவர்கள் அதை மர அலமாரியிலிருந்து முதலில் வெளியே எடுக்க வேண்டும்.