கடைசி பஸ் எத்தனை மணிக்கு?

மொரீசியசில் புயல் எச்சரிக்கைக்கு நான்கு படிகள். நெடுங்கால வழக்கப்படி முதல் படி 36 முதல் 48 மணி நேரம் முன்னதாக வரும். இரண்டாவது, பலத்த காற்றுக்கு முன் 12 மணி நேரப் பகல் வெளிச்சம் மிச்சமிருக்கும்போது. மூன்றாவது, 6 மணி நேரப் பகல் மிச்சமிருக்கும்போது. மணிக்கு 120 கி.மீ. காற்று வீசத் தொடங்கி, நீடிக்கும் என்றால் நான்காவது. தெருவில் எல்லோர் வாயிலும் அடிபடுவது ‘க்ளாஸ் த்ருவா’, அதாவது மூன்றாம் படி. அதோடு கடைகள் கதவைச் சாத்தும், பஸ்ஸும் மெட்ரோவும் ஆட்களை வீடு சேர்த்துவிட்டு ஓட்டத்தை முடித்துக்கொள்ளும்.

120 ஏன் ஆபத்தான வேகம் என்பதைக் காற்றின் தள்ளு காட்டும். அந்த வேகத்தில் ஒவ்வொரு சதுர மீட்டர் சுவரையும் சுமார் 68 கிலோ எடை தள்ளுகிறது. 10 மீட்டர் நீள பஸ்ஸின் பக்கச் சுவர் ஏறக்குறைய 28 சதுர மீட்டர். ஆகவே கிட்டத்தட்ட 2 டன் தள்ளு. நிற்கிற 10 டன் பஸ்ஸை இது கவிழ்க்காது. ஓடுகிற பஸ், மேம்பாலத்தில் திடீரென்று ஒரு வீச்சு வாங்கினால் பக்கத்து வரிசைக்குப் போய்விடும். காற்றின் வேகம் பாதியானால் தள்ளு கால்வாசியாகக் குறையும். மணிக்கு 60 கி.மீ. காற்றில் பஸ் ஓட்டலாம் என்பதும் 120-ல் கூடாது என்பதும் இந்தக் கணக்கினால்தான். கூரையிலிருந்து பிய்ந்து பறக்கும் தகரம் வேறு இருக்கிறது. அதற்கு எந்தக் கணக்கும் கிடையாது.

திட்டமிடுபவருக்குத் தலைவலி காற்று அல்ல, அந்த 6 மணி நேரம். தலைநகர் போர்ட் லூயியின் ஒரு பஸ் நிலையத்தில் 6,000 பேர் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பஸ்ஸுக்கு 60 பேர், ஆக 100 நடை. கையில் 40 பஸ் இருந்தால் ஒவ்வொன்றும் இரண்டரை நடை போக வேண்டும். மேட்டு நகரமான கியூர்பிப் போய்த் திரும்ப சாதாரண நாளில் இரண்டு மணி நேரம். எல்லா அலுவலகமும் ஒரே நேரத்தில் ஆட்களை விட்ட நாளில் மூன்றும் ஆகும். இரண்டரை நடைக்கு ஏழரை மணி நேரம். கையில் இருப்பது ஆறு. அதிலும் கடைசி ஒரு மணி நேரத்தைப் பயணிகளுக்குக் கொடுக்க முடியாது. பஸ் டிப்போவுக்குத் திரும்ப வேண்டும், ஓட்டுநரும் நடத்துநரும் வீடு போய்ச் சேர வேண்டும். இதை மறந்துவிட்டுப் போடும் திட்டங்கள் ஏராளம்.

ஆகவே ‘கடைசி பஸ் எப்போது’ என்பதைப் பின்னிலிருந்து எண்ண வேண்டும். காற்று வரும் நேரத்திலிருந்து டிப்போ திரும்பும் நேரத்தைக் கழி, நெரிசல் நாளின் பயண நேரத்தைக் கழி, ஏறி இறங்கும் நேரத்தைக் கழி. மிஞ்சுவதுதான் விடை. அது போதாதென்றால் பஸ்ஸைக் கூட்டுவதைவிடக் கூட்டத்தைப் பிரிப்பது மலிவு. பள்ளிகளை முதலில், தொழிற்சாலைகளை இரண்டு மணி நேரம் கழித்து, கடைகளை அதற்குப் பிறகு விட்டால், அதே 40 பஸ் போதும்.

நிலையத்துக்குள் பார்க்க வேண்டியது நெருக்கம். ஒரு சதுர மீட்டரில் நான்கு பேர் என்றால் இன்னும் நடக்க முடியும். ஆறு ஏழு பேரைத் தொட்டால் யாரும் தன் காலால் நகர்வதில்லை. கூட்டம்தான் ஆளைத் தூக்கிக்கொண்டு போகிறது. அதனால் காலி பஸ்ஸைக் கூட்டத்துக்கு நடுவில் கொண்டுவந்து நிறுத்தக் கூடாது. வரிசையின் தலைமாட்டில் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிறுத்தி, அறுபது அறுபது பேராக விட வேண்டும்.

மழை இந்தப் படிகளையெல்லாம் பொருட்படுத்துவதில்லை. 2013 மார்ச் 30-ல் போர்ட் லூயியில் இரண்டு மணி நேரத்துக்குள் 152 மி.மீ. கொட்டியது. ஒரு சதுர கி.மீ. பரப்புக்கு 1,52,000 டன் தண்ணீர். நகரத்தின் முதுகில் லெ பூஸ் முதல் சிக்னல் மலை வரை செங்குத்தான சரிவு, முன்னால் கடல். மேலே விழுந்தது நிமிடக் கணக்கில் கீழே வந்து சேர்ந்தது. 11 பேர் இறந்தார்கள். துறைமுகக் கரையான கோடான் அருகே நடைச் சுரங்கப்பாதையில் சிக்கியவர்கள் அவர்களில் உண்டு. தேசியப் பேரிடர் மேலாண்மை மையம் அமைந்தது அதே ஆண்டில்தான். 2024 சனவரி 15-ல் பெலால் புயலின்போதும் அந்த நகரத்தில் கார்கள் மிதந்தன.

காரின் அடிப்பரப்பு சுமார் 7 சதுர மீட்டர். அடித்தகட்டுக்கு மேல் ஒவ்வொரு 10 செ.மீ. தண்ணீரும் 700 கிலோவைத் தூக்கும். 1,200 கிலோ கார் 17 செ.மீ.யில் மிதக்கத் தொடங்கிவிடும். பஸ்ஸுக்கு 25 சதுர மீட்டர், 10 செ.மீ.க்கு 2.5 டன். 10 டன் பஸ் தளத்துக்கு மேல் 20 செ.மீ. தண்ணீரிலேயே பாதி எடையை இழக்கிறது, சக்கரத்தின் பிடிப்பும் பாதி போகிறது. உள்ளே தண்ணீர் புகப் புக இது குறையும். ஆனால் வெள்ளம் அதுவரை காத்திருக்காது. நொடிக்கு 2 மீட்டர் ஓட்டம் ஒரு சதுர மீட்டரில் 200 கிலோவாகத் தள்ளும், 3 மீட்டர் ஓட்டம் 450 கிலோவாக.

இதையெல்லாம் ஓட்டுநர் அந்த நேரத்தில் கணக்குப் போட மாட்டார். அவருக்கு ஒரே விதி போதும்: நடைபாதையின் கல் விளிம்பு தெரியவில்லையென்றால் தண்ணீருக்குள் இறங்காதே. விளிம்பின் உயரம் 15 செ.மீ. அளவு. பஸ் தள்ளிக்கொண்டு போகும் அலை அதன் மேல் இன்னும் ஒரு சாண் ஏறும். எஞ்சின் காற்று உறிஞ்சும் குழாய்க்குள் ஒரு குவளை தண்ணீர் போனால் போதும். சிலிண்டரில் தண்ணீர் அமுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும், பஸ் அங்கேயே நின்றுவிடும்.

நின்றுவிட்டால்? கதவுக்கு வெளியே 50 செ.மீ. தண்ணீர் இருந்தால், 80 செ.மீ. அகலக் கதவை அது சுமார் 100 கிலோ எடையுடன் அழுத்தும். வெளிப்பக்கம் திறக்கும் கதவானால் ஒருவரால் தள்ள முடியாது. ஆகவே தண்ணீர் படிக்கட்டைத் தொடும்போதே திறந்துவிட வேண்டும். காற்றழுத்தக் கதவானால், முதலில் அவசர வால்வைத் திருப்பிக் காற்றை வெளியேற்ற வேண்டும். பிறகுதான் கையால் தள்ளினால் நகரும். கண்ணாடியை உடைப்பதானால் பக்கவாட்டுக் கண்ணாடியின் மூலையில், சுத்தியலின் கூர்முனையால். நடுவில் அடித்தால் அது வளைந்து கொடுக்கும். முன் கண்ணாடியைத் தொடவே வேண்டாம். இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிலிம் ஒட்டியது, விரிசல் விடுமே தவிர விழாது.

ஓட்டுநர் வயர்லெஸ்ஸில் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்ல வேண்டியது நாலு: எந்த இடம், எந்தத் திசை, தண்ணீர் கல் விளிம்புக்கு மேலா கீழா, உள்ளே எத்தனை பேர். ‘பெரிய வெள்ளம், சீக்கிரம் வாங்க’ என்பது தகவலே அல்ல. மெட்ரோவில் மின்கம்பத்தின் எண்ணைச் சொன்னால் இடம் பிசகாது. ஆம்புலன்ஸுக்கு 114, தீயணைப்புக்கு 115.

மெட்ரோவில் இன்னொரு படி கூடுதல். மேலே 750 வோல்ட் கம்பி. கம்பி அறுந்து தரையில் கிடந்தாலும் அதில் மின்சாரம் இல்லை என்று யாரும் கண்ணால் சொல்ல முடியாது. கட்டுப்பாட்டு அறை மின்சாரத்தை நிறுத்தி, பிறகு கம்பியைத் தரையோடு இணைத்து, அதை உறுதிப்படுத்திய பிறகே மீட்பாளர் கிட்டே போகலாம். ‘ஆஃப் பண்ணியாச்சு’ என்ற சொல்லை மட்டும் நம்பி ஏணியை நிமிர்த்துவதுதான் இந்த வேலையில் ஆளைக் கொல்லும் தவறு.

காற்று அடங்கிய மறுநாள்தான் அவசரம் தலைக்கேறுகிறது. தண்ணீரில் நின்ற பஸ்ஸின் பிரேக் டிரம் நனைந்திருக்கும். மெதுவாக ஓட்டி, லேசாக மிதித்து மிதித்துச் சூடேற்றினால்தான் பிடிக்கும். கியூர்பிப் கடல் மட்டத்திலிருந்து சுமார் 550 மீட்டர் உயரம். ஆட்களோடு 14 டன் எடையுள்ள பஸ் அங்கிருந்து போர்ட் லூயிக்கு இறங்குவதற்குள் ஏறக்குறைய 75 மெகாஜூல் ஆற்றலை எங்காவது கொட்ட வேண்டும். 240 லிட்டர் தண்ணீரைக் கொதி நிலைக்குக் கொண்டுவரும் சூடு அது. தாழ்ந்த கியரில் எஞ்சினையே பிடிக்க விடாமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் டிரம் அளவுக்கு மீறிச் சூடேறி, பிடிப்பு போய்விடும். 2013 மே 3-ல் போர்ட் லூயி அருகே சொரேஸில் பிரேக் பிடிக்காமல் கவிழ்ந்த பஸ்ஸில் 10 பேர் இறந்தார்கள். அது வெயில் நாளோ மழை நாளோ, இறக்கம் அதே இறக்கம்தான்.

தைப்பூசம் விழுவதும் புயல் பருவத்தின் உச்சியில். 2024-ல் பெலாலுக்குப் பத்தாம் நாள் காவடி. கோர் தெ கார்த் மலையடி முருகன் கோயிலுக்குப் போவதும் வருவதும் ஒரே சாலை. அங்கே பஸ்களை மூக்கு வெளிப்பக்கம் பார்க்க நிறுத்துவது நல்லது. ரிவர்ஸ் எடுக்க ஒரு பஸ்ஸுக்கு இரண்டு நிமிடம் என்றால், 30 பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம்.