காய்ச்சலுக்கு முன்பா, பின்பா?

புதிதாக ஒரு சுவாச வைரஸ் தலைகாட்டியதும், மருந்து எப்போது வரும், தடுப்பூசி எப்போது வரும் என்றே எல்லோரும் கேட்கிறோம். அவற்றுக்கும் முன்பாக விடை காண வேண்டிய கேள்வி ஒன்று உண்டு என்பேன்: தொற்றியவர் எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை நோயைப் பிறருக்குப் பரப்புகிறார்?

2003இல் பரவிய சார்ஸ் நோயில், காய்ச்சல் தொடங்கி ஏறத்தாழப் பத்தாம் நாளில்தான் வைரஸின் அளவு உச்சத்தைத் தொட்டது. அதற்குள் நோயாளி மருத்துவமனையில் சேர்ந்திருப்பார் என்பதால், தனிமைப்படுத்தியும் தொடர்பில் இருந்தவர்களைத் தேடிப்பிடித்துமே, 8,000 பேருக்கு மேல் பாதித்த அந்நோயைச் சில மாதங்களில் அடக்க முடிந்தது. கோவிட்-19 அப்படியன்று, அறிகுறி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே அது அடுத்தவருக்குத் தாவியது. திருப்பூரில் பனியன் கம்பெனி வாசலில் நெற்றிக்கு நேராகப் பிடித்த வெப்பமானி, காய்ச்சல் வந்தவரைத்தான் நிறுத்தும். நாளை மறுநாள் காய்ச்சல் வரப்போகிறவர் உள்ளே போய் கட்டிங் மேசையருகே நின்றுவிடுவார்.

நோய் பரவும் இந்த நாள்களைக் கண்டறியச் சிறந்த வழி, வீடுகளில் நடத்தும் ஆய்வு. ஒற்றை அறையும் பொதுக் குழாயுமாக இருக்கும் லைன் வீடு ஒன்றில் ஒருவருக்குத் தொற்று உறுதியான அன்றே தொடங்கி, வீட்டிலுள்ள அனைவரின் மூக்கிலிருந்தும் இரண்டு வாரம் நாள்தோறும் மாதிரி எடுத்தால், யாருக்கு எந்த நாளில் தொற்றியது என்பது தெளிவாகும். ஆனால் பி.சி.ஆர். சோதனை, செத்த வைரஸின் ஆர்.என்.ஏ. என்னும் மரபுப்பொருள் துணுக்குகளையும் காட்டிவிடும் என்பதால், மாதிரியை உயிரணுக்களில் வளர்த்து, வைரஸ் உயிர்ப்போடு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். லேசான கோவிட் நோயாளிகளிடம் பத்து நாளுக்குப் பின் உயிர்ப்புள்ள வைரஸ் அரிதாகவே கிடைத்தது. துணுக்குகளோ வாரக்கணக்கில் தென்பட்டன. சனிக்கிழமைச் சம்பளத்தை நம்பி வாழும் டெய்லர் ஒருவரை எத்தனை நாள் வீட்டில் இருத்துவது என்பது இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. தேவைக்கு மேல் ஒரு நாள் சேர்த்தாலும் அது அவருடைய குடும்பத்தின் அரிசியில் கைவைப்பதாகும்.

எப்படிப் பரவுகிறது என்பது அடுத்த கேள்வி. கோவிட்டின் தொடக்கத்தில் கை கழுவுவதற்குக் கொடுத்த அழுத்தத்தை, அடைத்த அறையின் காற்றில் மிதக்கும் நுண்துளிகளுக்கு நாம் கொடுக்கவில்லை. நூல் அறாமலிருக்க ஈரப்பதம் காக்கும் கோவை நூற்பாலைகளில் சன்னலை விருப்பம்போல் திறந்துவிட முடியாது. அங்கே காற்று எவ்வளவு மாறுகிறது என்பதை, மூச்சில் வெளிவரும் வாயு எவ்வளவு தேங்குகிறது என்று காட்டும் கார்பன் டை ஆக்சைடு மானி கொண்டு முதல் வாரத்திலேயே அளந்துவிடலாம்.

மருந்தாய்வும் காத்திருக்கக் கூடாது. 2020 மார்ச்சில் பிரிட்டன் தொடங்கிய ஆய்வு, விலை மலிந்த டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்து வென்டிலேட்டரில் இருந்தோரின் இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்ததை ஜூனிலேயே காட்டியது.

லைன் வீட்டுக்கு நான்கு வாரம் கழித்து மறுபடியும் சென்று, அனைவரின் ரத்தத்தையும் சோதிக்க வேண்டும். ஒருமுறைகூட இருமியிராத குழந்தையின் ரத்தத்தில், தொற்றை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள் இருந்தால், மருத்துவமனைக் கணக்கில் வராத தொற்று ஒன்று அங்கே இருந்திருக்கிறது. அத்தகையவர்களையும் எண்ணிய பிறகே நோயின் உண்மையான இறப்பு விகிதத்தைக் கணக்கிட முடியும்.