நீல ஜெர்சி போட்டால் இந்திய அணி ஆகிவிடுமா?

ஜூன் மாதம் வந்தால் என் மேசைமேல் ஃபைல்கள் குவியும். கோவைப் பக்கம் ஒரு கல்லூரியில் இருபத்திரண்டு வருஷமாக உடற்கல்வி இயக்குநராக இருக்கிறேன். விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கேட்டு வரும் பிள்ளைகளின் சான்றிதழ்களைப் பார்த்து, இது செல்லும், இது செல்லாது என்று பிரித்து வைப்பது என் வேலை. கேட்பதற்கு லேசான வேலைதான். ஆனால் செல்லாத காகிதம் ஒவ்வொன்றுக்கும் ஒரு அப்பா எதிரே உட்கார்ந்திருப்பாரே, அதைத்தான் சமாளிக்க முடிவதில்லை.

போன வருஷம் சோமனூர்ப் பக்கத்திலிருந்து ஒருத்தர் வந்தார். சொந்தமாகப் பன்னிரண்டு தறி ஓட்டுகிறவர். சட்டைப் பையில் தறிக்குடோனின் பஞ்சு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. கூடவே பையன். மஞ்சள் பையிலிருந்து லேமினேட் செய்த சான்றிதழை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து நீட்டினார்.

“ஏனுங்க சார், இன்டர்நேஷனல் கோல்டுங்க. சீட்டுக் கெடைக்குமுங்களா?”

பளபளவென்ற காகிதம். மேலே மூவர்ணம், அசோகச் சக்கரம் மாதிரி ஒன்று, நடுவில் ‘இந்தியா – நேபாளம் சர்வதேச நட்புக் கால்பந்துத் தொடர்’, கீழே தலைவர், செயலாளர் என்று மூன்று கையெழுத்து. போட்டோவும் இருந்தது. பின்னால் மலை, முன்னால் நீல ஜெர்சியில் பதினெட்டுப் பையன்கள். எல்லார் நெஞ்சிலும் ‘இந்தியா’.

அப்பாவை டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினேன். இந்த மாதிரி நேரத்தில் பையனிடம் தனியாகப் பேசினால்தான் விஷயம் வெளியே வரும்.

“எதிர் டீம் யாரு கண்ணு?”

“அங்க ஒரு ஸ்கூல் பசங்க சார்.”

“மொத்தம் எத்தன மேட்ச்?”

“மூணு சார். ஒண்ணு மழையில நின்னுபோச்சு.”

“ஃபைனல் நேபாளத்தோடவா?”

பையன் தரையைப் பார்த்தான். “இல்லீங் சார். இந்தியா பி டீமோட. சேலத்துப் பசங்க.”

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். ஈரோட்டில் ராப்திசாகர் எக்ஸ்பிரஸ் ஏறி, இரண்டு ராத்திரி ரயிலில் உட்கார்ந்து கோரக்பூர் போய், அங்கிருந்து சுனௌலி எல்லை தாண்டி, மறுபடி பஸ் ஏறிப் பொக்காரா போய், கடைசியில் சேலத்துப் பையன்களோடு ஆடிவிட்டு வந்திருக்கிறார்கள். ஆளுக்கு இருபத்தெட்டாயிரம் ரூபாய். அந்தக் காசில் சங்ககிரியிலேயே ஆடியிருக்கலாம், வழியில் தட்டுவடை செட்டும் கிடைத்திருக்கும்.

ஏன் எப்போதும் நேபாளம் என்று கேட்பீர்கள். இந்தியர்கள் நேபாளம் போக விசா வேண்டாம், பாஸ்போர்ட்கூட வேண்டாம், வாக்காளர் அட்டை மாதிரி ஒரு அடையாளம் போதும். ‘வெளிநாடு’ என்று சொல்லிக்கொள்ளலாம், செலவும் குறைவு. கராத்தே, சிலம்பம், யோகா, ஸ்கேட்டிங் என்று எல்லாவற்றிலும் இந்த வழி தேய்ந்து கிடக்கிறது. கால்பந்தில் கொஞ்சம் தாமதமாக வந்தது. 2018–19 ஐ-லீக் என்ற தேசியக் கிளப் கால்பந்துத் தொடரில் சென்னை சிட்டி அணி நம் கோவை நேரு ஸ்டேடியத்தைச் சொந்த மைதானமாக வைத்து ஆடிக் கோப்பை வாங்கியதே, அதற்கப்புறம் இங்கே வீட்டுக்கு வீடு பூட்ஸ் வாங்கினார்கள். கூட்டம் சேர்ந்த இடத்துக்கு வியாபாரியும் வருவான்.

ஜெர்சி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். என் சித்தப்பா மகன் திருப்பூரில் துணியில் படம், எழுத்து அச்சடிக்கும் சப்ளிமேஷன் பிரிண்டிங் வைத்திருக்கிறான். பீஸ் இருநூற்றுச் சொச்சம். முன்னால் இந்தியா, பின்னால் பெயர், நம்பர். “யாருக்குடா இது, கேக்க மாட்டியா?” என்றேன். “அண்ணா, பிரேசில்னு கேட்டாலும் அடிச்சுத்தான் குடுக்கறேன்” என்றான். அவன் மேல் தப்பில்லை.

சரி, சான்றிதழ் ஏன் செல்லாது? ஒரு விளையாட்டுக்கு ஒரே ஒரு தேசியக் கூட்டமைப்பைத்தான் மத்திய அரசு அங்கீகரிக்கும். கால்பந்துக்கு அது அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு. அதற்குக் கீழே மாநிலச் சங்கம், அதற்குக் கீழே மாவட்டச் சங்கம். இந்திய அணி என்றால் அந்தக் கூட்டமைப்பு தேர்வு செய்து அனுப்பிய அணி மட்டும்தான், பதினாறு வயதுக்கு உட்பட்ட அணியானாலும் சரி. ஒதுக்கீட்டில் வேலையோ இடமோ கேட்கும்போது எங்களுக்கு வேண்டியது பளபளக் காகிதம் அல்ல, படிவம். நாட்டுக்காக ஆடியவனுக்குப் படிவம் 1, அதில் தேசியக் கூட்டமைப்பின் செயலாளர் கையெழுத்துப் போட வேண்டும். மாநிலத்துக்காக தேசியப் போட்டி ஆடியவனுக்குப் படிவம் 2. பல்கலைக்கழக அணிக்கு 3. பள்ளி விளையாட்டுக்கு 4. சோமனூர்ப் பையன் கையில் எந்தப் படிவமும் இல்லை. படிவத்தைப் பற்றிக் கேட்டால், கூட்டிப்போன ஆள் போனையே எடுப்பதில்லை.

இவ்வளவு சொன்னதால் அங்கீகாரம் இல்லாத ஆட்டம் எல்லாமே ஏமாற்று என்று நினைத்துவிட வேண்டாம். அது பெரிய தப்பு. நம் இந்திய அணியே அப்படி ஆடித்தான் வளர்ந்தது. கூட்டமைப்பு தொடங்கியது 1937-இல். உலகக் கால்பந்தை நடத்தும் ஃபிஃபாவில் உறுப்பினர் ஆனது 1948-இல். நடுவில் 1938-இல் நம் ஆட்கள் கப்பலேறி ஆஸ்திரேலியா போய் அந்த நாட்டு அணியோடு ஐந்து ஆட்டம் ஆடினார்கள். மூன்றில் தோல்வி, பிரிஸ்பேனில் 4-4 சமன், நியூகாஸிலில் 4-1 வெற்றி. ஃபிஃபா முத்திரை அப்போது நமக்கு ஏது? பத்து வருஷம் கழித்து லண்டன் ஒலிம்பிக்கில், பாதிக்கு மேல் ஆட்கள் வெறுங்காலோடு, இரண்டு பெனால்டியைக் கோட்டைவிட்டு, பிரான்ஸிடம் 2-1 என்று தோற்றார்கள். நமக்கான அந்த ஒரு கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். இந்தப் பெயரை என் மாணவர்களுக்கு வருஷா வருஷம் சொல்கிறேன், வருஷா வருஷம் மறக்கிறார்கள்.

குரோஷியாவைப் பாருங்கள். 1990 அக்டோபர் 17, ஜாக்ரெப் நகரில் அமெரிக்காவை 2-1 என்று ஜெயித்தார்கள். அன்றைக்கு குரோஷியா தனி நாடே இல்லை, யூகோஸ்லாவியாவுக்குள் இருந்தது. ஃபிஃபா சேர்த்துக்கொண்டது 1992 ஜூலையில். ஆனாலும் தங்கள் முதல் ஆட்டம் எது என்று கேட்டால் அந்த 1990 ஆட்டத்தைத்தான் சொல்வார்கள். அல்ஜீரியாக்காரர்கள் கதை இன்னும் கனம். அப்போது அவர்கள் நாடு பிரான்ஸின் பிடியில் இருந்தது. 1958 ஏப்ரலில் பிரான்ஸ் கிளப்புகளில் நல்ல சம்பளத்தில் இருந்த ரஷீத் மெக்லூஃபி, முஸ்தஃபா சித்தூனி போன்றவர்கள் கமுக்கமாகக் கிளம்பி பக்கத்து நாடான துனிசியாவின் துனிஸ் நகருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். உலகக் கோப்பைக்கு இரண்டே மாதம் இருந்தது, பிரான்ஸ் அணியில் ஆட வேண்டியவர்கள். அல்ஜீரிய விடுதலை இயக்கத்தின் அணியாக 1962 வரை ஊர் ஊராக ஆடினார்கள். ஃபிஃபா கடைசிவரை ஏற்கவில்லை. அவர்களோடு ஆடும் நாடுகளையும் மிரட்டியது. அந்த ஆட்டங்களுக்கு எந்தப் படிவம் கொடுப்பது, சொல்லுங்கள்!

இன்றைக்கும் ஃபிஃபாவில் இல்லாத அணிகளுக்காகவே கோனிஃபா என்ற அமைப்பு போட்டி நடத்துகிறது. 2014-இல் சுவீடனிலும் 2018-இல் லண்டனிலும் நடந்த அதன் தொடர்களில் தமிழீழ அணியும் ஆடியது. யாரும் அதை ஃபிஃபா உலகக் கோப்பை என்று சொல்லி விற்கவில்லை. பாலக்காடு தாண்டி மலப்புறம் போனால் செவன்ஸ், அதாவது அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து. ஆயிரக்கணக்கில் ஜனம், மூங்கில் கேலரி, ஆப்பிரிக்க வீரர்கள்கூட வருகிறார்கள். கூட்டமைப்பின் கணக்கில் அது கிடையாது. பொள்ளாச்சிப் பையன்கள் போய் ஆடிவிட்டு, கையில் காசோடு, சில சமயம் வீங்கின முட்டியோடு திரும்புவார்கள். நான் தடுப்பதில்லை. எதற்குப் போகிறோம் என்று அவர்களுக்குத் தெரியும்.

அங்கீகாரம் உள்ள நாடுகள் ஆடினால்கூட எல்லா ஆட்டமும் கணக்கில் ஏறிவிடாது. 2003-இல் இங்கிலாந்து, ஆஸ்திரேலியாவோடு ஆடிய நட்பு ஆட்டத்தில் இடைவேளையில் பதினொரு பேரையும் மொத்தமாக மாற்றியது. இப்படியே விட்டால் நட்பு ஆட்டம் கேலிக்கூத்தாகிவிடும் என்று, அடுத்த வருஷம் ஃபிஃபா மாற்று வீரர்களுக்கு ஆறு பேர் என்று வரம்பு வைத்தது. மீறினால் அது முழு சர்வதேச ஆட்டம் ஆகாது என்றது. இங்கே நமக்கு மழையில் நின்றுபோன ஆட்டத்துக்கும் தங்கப் பதக்கம்.

எனக்கு வயிறு எரிவது செர்பியாவிலிருந்து பிரிந்த கொசோவோவை நினைத்தால்தான். பல வருஷம் கெஞ்சி, ஃபிஃபா கடைசியில் அனுமதி தந்து, 2014 மார்ச் 5 அன்று மிட்ரோவிட்சாவில் ஹைத்தியோடு ஆடினார்கள். 0-0. சொந்த மண், சொந்த ஜனம். ஆனால் தேசியக் கொடி பிடிக்கக் கூடாது, தேசிய கீதம் பாடக் கூடாது என்று நிபந்தனை. அதற்கும் தலையாட்டிவிட்டு ஆடினார்கள். இரண்டு வருஷம் கழித்து, 2016 மே மாதம்தான் ஃபிஃபா உறுப்பினர் ஆனார்கள். ஒரு நாடே கொடிக்காக இவ்வளவு காத்துக் கிடக்கிறது. இங்கே நெஞ்சில் நாட்டின் பெயரையும் தோளில் மூவர்ணத்தையும் போட்டு ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் பையன்களை இறக்கிவிடுகிறான் ஒரு புரோக்கர், அவனை ஏன் என்று கேட்க ஆளில்லை.

பெற்றோர்களுக்கு நான் சொல்வது இதுதான். உங்கள் பையனை ‘இந்தியாவுக்கு’ செலக்ட் பண்ணிவிட்டோம் என்று போன் வந்தால், எங்கே எப்போது செலக்‌ஷன் நடந்தது என்று முதலில் கேளுங்கள். மாவட்டத்துக்கே ஆடாத பையன் நேராக நாட்டுக்கு ஆட முடியாது. அடுத்து, எவ்வளவு கட்டணும் என்பார்கள். கூட்டமைப்பு இந்திய அணிக்கு எடுத்தால் செலவு அவர்களுடையது, பையன் வீட்டில் பணம் கேட்க மாட்டார்கள். காசு என்ற பேச்சு வந்த இடத்திலேயே போனை வைத்துவிடலாம். இன்னும் சந்தேகம் இருந்தால் மாவட்டக் கால்பந்துச் சங்கத்துக்கு நேரில் போங்கள், இல்லையென்றால் பள்ளிக்கூட பி.டி. மாஸ்டரிடம் காட்டுங்கள். பையன் கூட்டமைப்பின் சி.ஆர்.எஸ். என்ற வீரர்கள் இணையப் பதிவில் இருக்கிறானா என்றும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். பொழுதுபோக்காக நேபாளம் சுற்றிவரத்தான் அனுப்புகிறேன் என்றால் தாராளமாக அனுப்புங்கள். காலை முறித்துக்கொண்டால் வைத்தியச் செலவு யார் பொறுப்பு என்று மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பள்ளிகளுக்கான பாரதியார் தினப் போட்டியும் அரசு நடத்தும் முதலமைச்சர் கோப்பையும் பலருக்குச் சின்னதாகத் தெரிகிறது. ‘சர்வதேசம்’ என்ற சொல்லுக்கு நாலு ரோட்டில் ஃப்ளெக்ஸ் வைக்கலாம், பக்கத்துப் பள்ளிகள் சேர்ந்து ஆடும் முதல் கட்டமான ‘குறுமையம்’ என்ற சொல்லுக்கு வைக்க முடியாது. அரசு வேலையில் விளையாட்டுக்காரர்களுக்கு இருக்கும் 3 சதவீதத்துக்குக் குறுமையத்திலிருந்துதான் ஏறிப் போக வேண்டும்.

டீ குடித்துவிட்டு வந்த அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. “ஊருக்கெல்லாம் சொல்லிப்போட்டமுங்களே” என்றார். திட்டுவார் என்று பயந்து பையன் கதவோரம் நின்றான். அவர் திட்டவில்லை, சான்றிதழை மறுபடி மஞ்சள் பைக்குள் வைத்தார்.

பூட்ஸ் இருக்கிறதா என்று பையனைக் கேட்டேன். பையிலேயே இருந்தது. சாயங்காலம் மைதானத்தில் எங்கள் பையன்களோடு அரை மணி நேரம் இறக்கிவிட்டேன். இடது கால்காரன். ஓட்டத்தில் வேகம் போதாது, ஆனால் பந்து வரும் முன்னாலேயே தலையைத் தூக்கி எங்கே ஆள் இருக்கிறான் என்று பார்க்கிறான். அது யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை. அவனை நேபாளத்துக்குக் கூட்டிப்போனவன் இதைக் கவனித்திருக்கவே மாட்டான்.

மதிப்பெண்ணிலேயே பி.காம். இடம் கிடைத்தது. இந்த வருஷம் மாவட்ட லீக்கில் எங்கள் கல்லூரிக்கு இடது விங்கில் ஆடுகிறான். சமீபத்தில் சோமனூர் வழியாகப் போனபோது அவன் வீட்டில் இறங்கினேன். அம்மா மோர் கொடுத்தார்கள். தறிக்குடோனில் மழை ஒழுகும் மூலையில் நூல் மூட்டைகளை ஒரு பெரிய ஃப்ளெக்ஸ் போட்டு மூடியிருந்தார்கள். நீல ஜெர்சியில் பாதிப் பையன்கள் தெரிந்தார்கள்.