99 வருஷம் சரி, எந்த வருஷத்திலிருந்து?

போன வாரம் மறுபடியும் அதே அழைப்பு. பிளாட்டை விற்கப் போட்டார்கள், ஆள் வந்தது, விலையும் படிந்தது. கடைசியில் வாங்குபவருடைய வங்கி கடன் தர மறுத்துவிட்டது. லீஸில் 60 வருஷம்கூட மீதி இல்லையாம். “அதெப்படித் தம்பி? எங்களுடையது 99 வருஷ லீஸ், நாங்கள் வாங்கினதே 2007இல்தானே?” என்று அந்த அம்மா என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சொத்து வாங்கி விற்கும் நம் ஆட்களுக்கு வேலை செய்யும் சொலிசிட்டர் நான். இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

லீஸ் என்பது பிளாட்டை இத்தனை வருஷம் என்று அனுபவிக்கும் உரிமை. கட்டடமும் நிலமும் ஃபிரீஹோல்டர் என்பவருடையது. அந்த லீஸ் கணக்கு நீங்கள் வாங்கிய நாளிலிருந்து தொடங்குவதில்லை. அந்தப் பிளாட்டின் முதல் லீஸில் எந்தத் தேதி போட்டிருக்கிறதோ, அன்றிலிருந்து ஓடுகிறது. உங்களுக்கு முன்னால் நாலு பேர் குடியிருந்து விற்றிருந்தாலும் அது நின்று மறுபடி தொடங்கியிருக்காது. விற்பவர் தன்னிடம் மிச்சம் இருந்ததைத்தான் உங்களுக்குக் கொடுத்தார்.

சந்தேகமிருந்தால் லேண்ட் ரெஜிஸ்ட்ரியின் அரசுத் தளத்தில் 7 பவுண்டு கட்டி உங்கள் டைட்டில் ரெஜிஸ்டரை, அதாவது சொத்தின் உரிமைப் பதிவேட்டை, இறக்குங்கள். அதில் இரண்டு மூன்று தேதிகள் இருக்கும், குழப்பமே அங்கேதான். உங்கள் பெயருக்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் இருப்பது நீங்கள் உரிமையாளராகப் பதிவான தேதி. அதை மறந்துவிடுங்கள். முதல் பகுதியில் லீஸைப் பற்றிய விவரம் வரும். அங்கே லீஸ் கையெழுத்தான தேதி ஒன்று, அதன் கீழே லீஸ் காலம் (Term) என்று இன்னொரு வரி. அந்த அம்மாவுடையதில் கையெழுத்து 1988, காலமோ “1986 ஜூன் 24 முதல் 99 ஆண்டுகள்”. அந்த இரண்டாவது வரிதான் கணக்கு. 2085இல் முடிகிறது. அவர்கள் வாங்கிய 2007லேயே 80க்குக் கீழே போயிருந்தது.

“அப்போது ஒருவரும் சொல்லவில்லையே” என்றார். சொல்லியிருப்பார்கள். டைட்டில் ரிப்போர்ட் என்று நாங்கள் அனுப்பும் நீளமான கடிதத்தில் அது இருந்திருக்கும். சாவி வாங்கும் அவசரத்தில் அதையெல்லாம் யார் படிக்கிறார்கள்? எங்கள் தொழில்மேலும் குற்றம் உண்டு. தலைபோகிற விஷயத்தையும் கார் பார்க்கிங் விஷயத்தையும் ஒரே எழுத்தில் ஒரே தொனியில் எழுதி அனுப்புகிறோம்.

இதில் 80 ஏன் முக்கியம்? லீஸ் நீண்டால் பிளாட்டின் மதிப்பு ஏறும். அந்த ஏற்றத்துக்கு மேரேஜ் வேல்யூ என்று பெயர். மீதி 80 வருஷத்துக்கு மேல் இருந்தால் அதில் ஃபிரீஹோல்டருக்குப் பங்கு கிடையாது. 80ஐ விட்டுக் கீழே இறங்கினால் அதில் பாதியை அவருக்குக் கொடுக்க வேண்டும். 80 வருஷமும் ஒரு நாளும் இருந்தால் இல்லை, 79 வருஷம் 11 மாதம் இருந்தால் உண்டு. அவ்வளவு கறாரான கோடு. மீதியைக் கணக்கிடுவது லீஸை நீட்டிக்கக் கேட்டு நீங்கள் தரும் நோட்டீஸ் (1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் 42ஆம் பிரிவு) ஃபிரீஹோல்டருக்குக் கொடுக்கப்பட்ட தேதியில். அதாவது 80க்கு ஒரு வாரம் இருக்கும்போது நோட்டீஸ் போய்விட்டால், பேரம் அடுத்த வருஷம் வரை இழுத்தாலும் கணக்கு அந்தத் தேதியிலேயே நிற்கும். “தீபாவளி முடியட்டும் தம்பி” என்று 80 வருஷம் 2 மாதம் மீதியுள்ள ஒருவர் சொன்னபோது நான் கொஞ்சம் குரலை உயர்த்திவிட்டேன்.

அடுத்தது வாட்ஸ்அப் சட்டம். “இனிமேல் 990 வருஷம் தருகிறார்களாம், மேரேஜ் வேல்யூவும் கிடையாதாம், பொறுத்திருப்போம்.” 2024 மே மாதம் அப்படி ஒரு சட்டம் நிறைவேறியது உண்மை. ஃபிரீஹோல்டர்கள் அதை எதிர்த்துப் போட்ட வழக்கை 2025 அக்டோபரில் உயர் நீதிமன்றம் தள்ளிவிட்டதும் உண்மை. ஆனால் நிறைவேறுவது வேறு, நடைமுறைக்கு வருவது வேறு. இதை எழுதும் நாள்வரை அந்த இரண்டும் நடைமுறைக்கு வரவில்லை. வந்திருப்பது வேறொன்று: வாங்கி இரண்டு வருஷம் ஆனால்தான் லீஸை நீட்டிக்கக் கேட்கலாம் என்ற பழைய விதி 2025 ஜனவரி 31 முதல் போய்விட்டது. மற்றபடி பிளாட்டுகளுக்கு 1993ஆம் ஆண்டுச் சட்டம்தான் இன்றைக்கும். மிச்சமிருக்கும் வருஷங்களோடு 90 சேரும், ஃபிரீஹோல்டருக்குக் கட்டும் நில வாடகையான கிரவுண்ட் ரென்ட் அன்றோடு நின்றுபோகும்.

காத்திருக்கலாமா என்றால், ஆளைப் பொறுத்தது. ஏற்கெனவே 65க்கு வந்துவிட்டது, விற்கும் எண்ணமும் இல்லை, மோர்ட்கேஜ் மாற்றவும் வேண்டாம் என்றால் சரி, பொறுத்துப் பார்ப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. 82, 81 என்று நிற்பவர்கள் காத்திருப்பது வேண்டாத சூதாட்டம்.

அப்புறம் ஃபிரீஹோல்டரிடமிருந்து வரும் அந்த அன்பான கடிதம். “சட்டம், நோட்டீஸ் எல்லாம் எதற்கு, உங்கள் லீஸை மறுபடி 99 ஆக்கித் தருகிறோம், செலவும் குறைவு.” முதல் பக்கம் இனிக்கும், இரண்டாம் பக்கத்தையும் படியுங்கள். 60 வருஷ லீஸை 99 ஆக்கினால் உங்களுக்குக் கிடைப்பது 39. சட்டப்படி போனால் 90, மொத்தம் 150 ஆகிவிடும். அதோடு இப்படிப் பேசி முடிக்கும் நீட்டிப்பில், பழைய லீஸில் மீதியிருக்கும் காலம் முழுக்கப் பழைய கிரவுண்ட் ரென்டையே வாங்கிக்கொண்டிருக்க 2022ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. இந்த வழியே கூடாது என்று சொல்லவில்லை. சில நேரம் வேகமாக முடியும். ஆனால் ஒரு வேல்யூவரிடம் (மதிப்பீட்டாளரிடம்) காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். மோர்ட்கேஜ் இருந்தால் உங்கள் வங்கிக்குத் தெரியாமலும் செய்யாதீர்கள். சட்டப்படி போனால்கூட ஃபிரீஹோல்டரின் வேல்யூவருக்கும் சொலிசிட்டருக்கும் ஆகும் நியாயமான செலவு உங்கள் தலையில்தான். “அவருடைய வக்கீலுக்கு நான் ஏன் கொடுக்க வேண்டும்?” நியாயமான கேள்விதான், ஆனால் 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் 60ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது.

விற்பவர்களுக்கு ஒன்று. நோட்டீஸை நீங்கள் கொடுத்துவிட்டு, அதன் பலனை வாங்குபவருக்கு மாற்றிக் கொடுக்கலாம். முழுத்தொகையும் கட்டி நீட்டித்துவிட்டுத்தான் விற்க வேண்டும் என்பதில்லை. ஆனால் அந்த மாற்றம் பிளாட் கைமாறும் அதே நேரத்தில் நடக்க வேண்டும். விட்டுப்போனால் நோட்டீஸ் வாபஸ் ஆனதாகக் கருதப்படும், அடுத்த 12 மாதத்துக்குப் புதிதாகக் கொடுக்கவும் முடியாது. ஃபிரீஹோல்டரின் எதிர் நோட்டீஸ் வந்த பிறகு பேரம் படியாமல் இழுத்துக்கொண்டே போனால், அது வந்த 6 மாதத்துக்குள் டிரிபியூனலுக்கு (தீர்ப்பாயத்துக்கு) விண்ணப்பிக்காவிட்டாலும் இதே கதிதான். இதில் தேதி தவறவிட்ட கோப்புகள் எங்கள் தொழிலில் நிறைய. மலிவான கட்டணம் சொல்கிறார்கள் என்று போகும் முன், இந்த 1993ஆம் ஆண்டு வேலையை வழக்கமாகச் செய்பவர்களா என்று கேளுங்கள்.

வாங்குபவர்கள், மீதி வருஷங்களுக்கு அடுத்ததாக கிரவுண்ட் ரென்ட் வரியைப் பாருங்கள். 250 பவுண்டுதானே என்று விடாதீர்கள். 10 வருஷத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் என்றிருந்தால் 50 வருஷம் முடியும்போது அது 8,000 பவுண்டு. இப்படிப்பட்ட லீஸுக்குக் கடன் தர வங்கிகள் தயங்குகின்றன, அதனால் நாளைக்கு உங்களிடம் வாங்கவும் ஆள் வராது. கட்டடப் பராமரிப்புக்குக் கட்டும் சர்வீஸ் சார்ஜில் மூன்று வருஷக் கணக்கைக் கேளுங்கள். கூரை, லிஃப்ட், வெளிப்பூச்சு என்று பெரிய வேலை ஏதும் வரப்போகிறதா என்றும் கேளுங்கள். ஒருவர் பங்குக்கு 250 பவுண்டுக்கு மேல் வரும் வேலைக்கு முறைப்படி முன்கூட்டியே கலந்தாலோசனை நோட்டீஸ் தர வேண்டும். விற்பவரிடம் அந்த நோட்டீஸ் வந்து அலமாரியில் தூங்கிக்கொண்டிருக்கலாம். இதெல்லாம் எல்.பி.இ.1 என்ற படிவத்தில் வரும். அதை நிரப்பித் தர கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் மேனேஜிங் ஏஜென்ட் பணமும் கேட்பார், வாரக்கணக்கில் இழுக்கவும் செய்வார். விற்பவர்கள் ஆள் கிடைக்கும் வரை காத்திராமல் முன்பே கேட்டு வைத்தால் எல்லோருக்கும் நிம்மதி.

சமையலறைச் சுவரை இடித்தது, கார்ப்பெட்டை எடுத்துவிட்டு மரத்தரை போட்டது, அனுமதி வாங்காமல் வாடகைக்கு விட்டது எல்லாம் விற்கும்போது வெளியே வரும். மறைக்காதீர்கள், முதலிலேயே சொல்லிவிட்டால் வழி பண்ணலாம்.

“எங்களுக்கு ஷேர் ஆஃப் ஃபிரீஹோல்ட், ஃபிரீஹோல்டிலேயே பங்கு இருக்கிறது, லீஸ் பிரச்சினை கிடையாது” என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்கும் லீஸ் உண்டு, அதுவும் தேய்ந்துகொண்டுதான் இருக்கிறது. ஃபிரீஹோல்டில் மூன்று பேர் பெயர் இருந்தால் நீட்டிக்க மூன்று பேரும் கையெழுத்துப் போட வேண்டும். மாடிவீட்டுக்காரரோடு பேச்சுவார்த்தை இருக்கும்போதே, அவர் கனடாவுக்குப் போய்விடும் முன்பே, மூவருமாகச் சேர்ந்து 999 வருஷமாக்கி முடித்துவிடுங்கள்.

என்னிடம் வந்தாலும் வேறு யாரிடம் போனாலும், அந்த 7 பவுண்டு ரெஜிஸ்டரையும் லீஸின் முழுப் பிரதியையும் கையோடு கொண்டுபோங்கள். எஸ்டேட் ஏஜென்ட் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பிவிட்டு “இதில் 99 என்று போட்டிருக்கிறதே” என்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள்.