தாட்பூர்ச்சம்

ஆங்கிலத்தில் 'பேப்பர் பிர்ச்' எனப்படும் மரம் கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் இயல்பாக வளர்வது. தாவரவியல் பெயர் பெட்டுலா பாப்பிரிஃபெரா. பாப்பிரிஃபெரா என்றால் தாளைத் தருவது. வெண்பட்டை ஏடு ஏடாக உரிவதால் வந்த பெயர்.

இதைத் தமிழில் தாட்பூர்ச்சம் எனலாம். 'பிர்ச்'சுக்குப் புதுச் சொல் தேட வேண்டியதில்லை. இதே பேரினத்து மரம் இமயமலையிலும் உண்டு. காஷ்மீரத்தில் அதன் பட்டையில்தான் நூல்கள் எழுதினார்கள். பக்சாலி கணிதச் சுவடியும் அப்படிப்பட்டதே. வடமொழியில் அம்மரம் பூர்ஜம், தமிழில் பூர்ச்சம். பூர்ஜமும் பிர்ச்சும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரில் கிளைத்தவை. ஒளிர்தல், வெண்மை என்று அவ்வேருக்குப் பொருள் சொல்வார்கள். பூர்ச்சமும் கடன்சொல்தானே என்றால், ஆம். ஆனால் 'பிர்ச்' போல வல்லின மெய்யில் முடிந்து தமிழ் நாவை இடறாது.

முன்னொட்டாகக் 'காகித' என்பதைவிடத் 'தாள்' பொருத்தம். நெல்தாள் என்னும்போது தாள் தண்டு. பிறகுதான் எழுதும் தாள். எகிப்தின் பாப்பிரசும் கோரைத் தண்டைக் கீறி அடுக்கிச் செய்ததுதான்! தாள் + பூர்ச்சம் = தாட்பூர்ச்சம்.

வட அமெரிக்கப் பழங்குடியான ஒஜிப்வே மக்கள் இதன் பட்டையை வீக்வாஸ் என்பர். அதில் படகு கட்டினார்கள், குடில் வேய்ந்தார்கள், சுருள்களாக்கிக் குறிகளும் பொறித்தார்கள்.

வெண்பட்டையை மட்டும் நம்பி மரத்தை அடையாளம் சொல்லக்கூடாது. இளங்கன்றின் பட்டை செம்பழுப்பு. வெளுக்கச் சில ஆண்டுகள் ஆகும். சாம்பல் பூர்ச்சமும் வெள்ளைதான், ஆனால் அதன் பட்டை எளிதில் உரியாது, கிளைக்கு அடியில் கரிய முக்கோணத் தழும்பு இருக்கும், இலை நுனி நீண்டு கூரும். தாட்பூர்ச்சத்தின் இலை முட்டை வடிவம், விளிம்பில் இரட்டைப் பல்.

வளர்ப்பதில் சூட்சுமம் வேரில் இருக்கிறது. தலைக்கு வெயில், வேருக்குக் குளிர்ச்சி. வேர்கள் மேலோட்டமானவை, அதனால் மண் காயவிடக்கூடாது. மரத்தூள், சருகு கொண்டு மூடாக்கு இடவேண்டும். வாடிய மரத்தைத்தான் வெண்கல நிறத் துளைப்பான் வண்டு தேடி வரும். உச்சிக்கிளை காய்வது முதல் அறிகுறி. பட்டையில் ஆங்கில 'D' எழுத்து வடிவத் துளை தெரிந்தால் வண்டு வெளியேறிவிட்டது என்று பொருள். வசந்தத் தொடக்கத்தில் கவாத்து செய்தால் சாறு ஒழுகும். கோடை கடுமையான ஊர்க்காரர்கள் இதற்கு மல்லுக்கட்டாமல் ஆற்றுப் பூர்ச்சத்தை நடலாம். அது வெப்பம் தாங்கும், வண்டும் அதை அவ்வளவாக நாடாது. பட்டை மட்டும் வெள்ளையாக இராது.